எண்ணும் திசையும்

மூன்றும் நான்கும் எத்துணை என்று தொடக்கப்பள்ளிச் சிறுவனை வினவினால், அவன் சிறிதும் தயங்காமல் ஏழு என்பான். அதே வினாவை இயற்பியல் வகுப்பில் எழுப்பினால், ஏழாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம் என்பதே சரியான விடையாகும். இது விளையாட்டுப் பேச்சன்று. எண்ணோடு திசையும் வந்து சேருமாயின், கூட்டலின் இயல்பே மாறிவிடுகின்றது. இம்மாற்றத்தின் காரணத்தை உணராமல் வாய்பாட்டை மட்டும் நெட்டுருச் செய்யும் மாணவர் பலராவர். அவர்கட்கு முதற்கண் வேண்டுவது வாய்பாடன்று, பொருளுணர்ச்சியே என்பது என் கருத்து.

தமிழாசிரியனாக வாழ்நாளைக் கழித்தவனுக்கு இயற்பியலில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஒரு நிகழ்ச்சியே என்னை இப்பொருளின்பால் ஈர்த்தது. அதனை மறையாது கூறுகின்றேன். அதில் நேர்ந்த பிழை என்னுடையதே.

யான் பணியாற்றிய காலத்தில் ஒரு நாள் அறிவியலாசிரியர் விடுப்பில் இருந்தார். அவருடைய ஒன்பதாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாணவர் தத்தம் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தனர். அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "ஐயா, ஒருவன் கிழக்கே 3 மீட்டர் நடந்து, பிறகு வடக்கே 4 மீட்டர் நடந்தால், இடப்பெயர்ச்சி 5 மீட்டர் என்று போட்டிருக்கிறது. அவன் நடந்தது 7 மீட்டர் ஆயிற்றே! மீதி 2 மீட்டர் எங்கே போயிற்று, ஐயா?" என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. யானும் சிரித்தேன். "நூலில் அப்படித்தான் இருக்கிறது. எழுதிக்கொண்டு உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான்.

உண்மை என்னவெனில், எனக்கும் அதன் விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல நாணினேன். அம்மாணவன் என் வகுப்பில் இலக்கணத்தைத் துருவித் துருவிக் கேட்பவன். அன்று முதல் அவன் என்னிடம் ஒரு வினாவும் எழுப்பவில்லை. விடுப்பு முடிந்து வந்த அறிவியலாசிரியரிடம் விளக்கம் கேட்டறிந்து, மறுவாரம் அவனை அழைத்து விடையைக் கூறினேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டு, "சரி, ஐயா" என்றான். அவ்வளவே. விடையைக் கொடுத்துவிட்டேன், ஆனால் அவனுடைய வினவும் வழக்கத்தை என்னால் மீட்டுக் கொடுக்க இயலவில்லை. இன்றும் அது என் நெஞ்சை உறுத்துகின்றது.

அவ்வறிவியலாசிரியர் எனக்கு விளக்கிய முறையும் குறிப்பிடத்தக்கது. அவர் சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. என்னை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் ஒரு கல்லை வைத்தார். அங்கிருந்து என்னைக் கிழக்கே 3 மீட்டர் நடக்கச் சொன்னார். பின்னர் வடக்கே 4 மீட்டர் நடக்கச் சொன்னார். யான் நின்ற இடத்திலிருந்து கல்வரை ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்தார். கயிறு சரியாக 5 மீட்டர் இருந்தது. "ஐயா, தாங்கள் நடந்த வழி 7 மீட்டர். தாங்கள் பெயர்ந்த இடம் இந்தக் கயிற்றின் நீளம். இரண்டும் இரு வேறு வினாக்களின் விடைகள்" என்றார். எனக்கு விளங்கிவிட்டது.

உண்மையில் இவ்விளக்கம் சொற்களிலேயே அடங்கியுள்ளது. தொலைவு என்பது வேறு. இடப்பெயர்ச்சி என்பது வேறு. ஒருவன் எவ்வளவு நடந்தான் என்னும் வினாவுக்கு விடை தொலைவு. அவன் எங்கிருந்து எங்கே பெயர்ந்தான் என்னும் வினாவுக்கு விடை இடப்பெயர்ச்சி. பெயர்தல் என்பது ஓரிடம் விட்டு மற்றோரிடம் சேர்தல். ஆதலின் அங்கே கணக்கில் வருவன இரண்டு புள்ளிகளே: புறப்பட்ட இடம் ஒன்று, சேர்ந்த இடம் மற்றொன்று. இடையில் வழி வளைந்ததா, நெளிந்ததா என்பதனை இடப்பெயர்ச்சி கேட்பதில்லை. எனவே அம்மாணவன் தேடிய 2 மீட்டர் எங்கும் தொலைந்துபோகவில்லை. கால் நடந்தது 7 மீட்டர். இடம் பெயர்ந்தது 5 மீட்டர். ஒரு வினாவின் விடையை மற்றொரு வினாவின் விடையோடு ஒப்பிட்டதால் நேர்ந்த மயக்கமே அது.

இவ்வேறுபாட்டை நம் நாட்டு வழக்கங்களே நன்கு காட்டும். திருவண்ணாமலையில் முழுமதி நாள்களில் மக்கள் மலையை வலம் வருகின்றனர். அவ்வழி ஏறத்தாழ 14 கிலோமீட்டர். புறப்பட்ட இடத்துக்கே ஒருவர் திரும்பி வந்து சேர்வாராயின், அவர் நடந்த தொலைவு 14 கிலோமீட்டர். அவருடைய இடப்பெயர்ச்சி சுழி. அவருக்கு வரும் கால்வலி 14 கிலோமீட்டருக்கு உரியது. இடப்பெயர்ச்சியைக் காட்டி அதனைத் தணிக்க இயலாது. திருவிழாவில் தெருக்களையெல்லாம் சுற்றி வந்து நிலை சேரும் தேருக்கும் இதுவே முறை.

காவிரியை நோக்குங்கள். குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றும் அவ்வாறு, பூம்புகாரில் கடலோடு கலக்கும்வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடுகின்றது. நிலப்படத்தில் அவ்விரண்டு இடங்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து அளந்தால், அக்கோடு ஏறத்தாழ 500 கிலோமீட்டரே ஆகும். கிழக்கிலிருந்து சற்றே தெற்காகச் சாய்ந்திருக்கும். மலையைச் சுற்றியும் பள்ளத்தைத் தேடியும் வளைந்து வந்தமையால் ஆறு நடந்த வழி மிகுந்தது. அது பெயர்ந்த இடம் அந்நேர்கோடே.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். தலைக்காவிரியிலிருந்து 500 கிலோமீட்டர் என்று மட்டும் கூறினால் பூம்புகாரைக் கண்டுபிடிக்க இயலுமா? இயலாது. 500 கிலோமீட்டர் வடக்கே சென்றால் வேறோர் ஊர்; மேற்கே சென்றால் நடுக்கடல். ஆகவே திசை என்பது இடப்பெயர்ச்சிக்குப் பின்னர் ஒட்டவைத்த அணிகலனன்று. அதன் உடம்பின் ஒரு பாதி. அளவும் திசையும் சேர்ந்த இத்தகைய பொருள்களைத் திசையன் என்பர். வெக்டர் என்றும் வழங்குவர். அளவு மட்டும் உடையது திசையிலி. நிறை, காலம், தொலைவு ஆகியவை திசையிலிகள். இடப்பெயர்ச்சி, திசைவேகம், விசை ஆகியவை திசையன்கள்.

திசையனைத் தாளில் காட்ட ஓர் அம்பு போதும். அம்பின் நீளம் அளவைக் காட்டும். அதன் முனை திசையைக் காட்டும். இரண்டு திசையன்களைக் கூட்டுவது எப்படி? முதல் அம்பின் முனையில் இரண்டாம் அம்பின் அடியை வைக்க வேண்டும். பின்னர் முதல் அம்பின் அடியிலிருந்து இரண்டாம் அம்பின் முனைக்கு ஒரு புதிய அம்பு வரைய வேண்டும். அதுவே தொகுபயன். இதனை முக்கோண விதி என்பர்.

இவ்விதியைக் கற்றபோது எனக்கு நம் இலக்கணத்தின் புணர்ச்சி நினைவுக்கு வந்தது. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் ஒன்றையொன்று தொட்டாலன்றிப் புணர்ச்சி இல்லை. அவ்வாறே முதல் அம்பின் முனையும் இரண்டாம் அம்பின் அடியும் ஒன்றையொன்று தொட வேண்டும். முனையோடு முனையை வைத்து வரைந்துவிட்டுப் பிழைபட்ட விடை காணும் மாணவர் இவ்வொப்புமையை நினைவிற் கொள்வாராக. ஆயினும் ஒப்புமை ஓரளவே செல்லும். பொற்குடம் வேறு, குடப்பொன் வேறு. சொற்களின் வரிசை மாறினால் பொருள் மாறும். திசையன் கூட்டலில் வரிசை மாறினாலும் தொகுபயன் மாறாது. முதலில் கிழக்கே 3 மீட்டரும் பின்னர் வடக்கே 4 மீட்டரும் நடந்தாலும், முதலில் வடக்கே 4 மீட்டரும் பின்னர் கிழக்கே 3 மீட்டரும் நடந்தாலும், சேரும் இடம் ஒன்றே. வழி இரண்டு, முடிவு ஒன்று.

இனி, தொடக்கத்தில் கூறிய புதிரை அவிழ்ப்போம். 3 மீட்டரும் 4 மீட்டரும் ஒரே திசையில் அமைந்தால் தொகுபயன் 7 மீட்டர். எதிரெதிர்த் திசையில் அமைந்தால் 1 மீட்டர். செங்கோணத்தில் அமைந்தால் 5 மீட்டர். இரண்டு திசைகட்கும் இடையே 60 பாகை இருந்தால் ஏறத்தாழ 6.1 மீட்டர், 120 பாகை இருந்தால் ஏறத்தாழ 3.6 மீட்டர். இவ்வாறு கோணம் விரிய விரியத் தொகுபயன் 7 மீட்டரிலிருந்து 1 மீட்டர்வரை படிப்படியாகச் சுருங்கும். எந்நிலையிலும் 7 மீட்டருக்கு மிகாது. 1 மீட்டருக்குக் குறையாது. சிறுவன் சொன்ன ஏழும் பொய்யன்று. அது பல விடைகளுள் ஒன்று.

இந்த இடத்தில்தான் என் கருத்தை வலியுறுத்த விரும்புகின்றேன். நேரம் குறைவு, தேர்வு நெருங்குகின்றது, ஆகவே வாய்பாட்டை முதலில் கொடுத்துவிடுவோம் என்பார் உளர். அவர்கள் கூற்றில் பரிவு உண்டு. பாடத்தின் சுமை அவர்கட்கே தெரியும். ஆயினும் அவ்வழியில் வரும் இழப்பு பெரிது. பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண்க என்று மட்டும் கற்ற மாணவன், கோணம் 60 பாகையாக இருந்தாலும் அதே வாய்பாட்டை இட்டு 5 மீட்டர் என்று எழுதிவிடுகின்றான். அவ்வாய்பாடு செங்கோணத்திற்கு மட்டுமே உரியது என்பதனை அவன் அறியான். ஏனெனில் அவன் படம் வரையவில்லை. படம் வரைந்திருந்தால், தன் விடை பிழையென்று அளவுகோலே அவனுக்குச் சொல்லியிருக்கும். வாய்பாடு மறந்தால் ஒன்றும் மிஞ்சாது. படம் மனத்தில் இருந்தால் வாய்பாட்டை மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம்.

மற்றொரு பிழையையும் சுட்ட வேண்டும். முதற்கணக்குக்கு விடை 5 மீட்டர் என்று எழுதி நிறுத்துவோர் பலர். அது பாதி விடையே. கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 53 பாகைச் சாய்வில் 5 மீட்டர் என்பதே முழு விடை. திசையைக் கூறாத இடப்பெயர்ச்சி, பயனிலை இல்லாத தொடரை ஒக்கும். ஆசிரியர் இதனைப் பொறுத்துக்கொண்டு முழு மதிப்பெண் அளிப்பாராயின், திசை வேண்டாத பொருளென்று மாணவனுக்குத் தாமே கற்பித்தவராவார்.

அம்புகள் இரண்டுக்கு மேற்பட்டால் என் செய்வது? அதற்கும் எளிய வழி உண்டு. ஒவ்வோர் இடப்பெயர்ச்சியையும் கிழக்குக் கூறு, வடக்குக் கூறு என்று இரண்டாகப் பகுத்துக்கொள்ள வேண்டும். மேற்கும் தெற்கும் குறைக்குறி பெறும். ஒருவன் கிழக்கே 6 மீட்டரும், வடக்கே 3 மீட்டரும், மேற்கே 2 மீட்டரும் நடந்தான் என்று கொள்வோம். கிழக்குக் கூறு 6-இலிருந்து 2 போக 4 மீட்டர். வடக்குக் கூறு 3 மீட்டர். ஆகவே அவன் நடந்தது 11 மீட்டர். பெயர்ந்தது 5 மீட்டர்.

சாய்ந்த திசையாயினும் முறை இதுவே. கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி 30 பாகைச் சாய்வில் ஒருவன் 10 மீட்டர் நடந்தால், முக்கோணவியலின்படி அதன் கிழக்குக் கூறு 8.66 மீட்டர், வடக்குக் கூறு 5 மீட்டர். பின்னர் அவன் நேர் தெற்கே 5 மீட்டர் நடப்பானாயின், வடக்குக் கூறு முற்றும் அழிந்துபோம். எஞ்சுவது கிழக்கே 8.66 மீட்டர் மட்டுமே. செய்யுளைச் சீர் பிரித்து அறிந்தபின் மீண்டும் சேர்த்துப் படிப்பது போன்றது இம்முறை. பிரிக்கத் தெரிந்தவனுக்கே சேர்ப்பதன் நுட்பம் விளங்கும்.

இவையெல்லாம் தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியன அல்ல. ஆற்றில் பரிசல் செலுத்துபவரைக் காணுங்கள். 40 மீட்டர் அகலமுள்ள நீரை அவர் நேர்குறுக்காகத் துடுப்பு வலித்துக் கடக்கும் பொழுதுக்குள், நீரோட்டம் பரிசலை 30 மீட்டர் கீழே இழுத்துச் செல்லுமாயின், அவர் எதிர்க்கரையில் நினைத்த துறையை அடையமாட்டார். 30 மீட்டர் தள்ளிச் சேர்வார். பரிசலின் இடப்பெயர்ச்சி சாய்வாக 50 மீட்டர். அதனால் தேர்ந்த பரிசற்காரர் எதிர்த்துறையை நோக்கிச் செலுத்துவதில்லை. அதற்கு மேலே, ஓட்டத்தை எதிர்த்துச் சாய்வாகச் செலுத்துகின்றார். நீர் அவரைக் கீழே இழுக்க, அவர் முயற்சி மேலே இழுக்க, இரண்டும் கூடித் துறைக்கு நேரே கொண்டு சேர்க்கின்றன. நூல் படியாத அவர் திசையன் கூட்டலைக் கையாலேயே செய்கின்றார்.

ஆற்றில் 30 மீட்டர் பிழைத்தால் கரையோரம் சிறிது நடந்து துறையை அடையலாம். கடலில் அவ்வாறு இயலாது. பண்டைக் கப்பலோட்டிகள் கரை காணாத இடத்தில் தம் இருப்பிடத்தை அறிய, எத்திசையில், எவ்வேகத்தில், எவ்வளவு நேரம் சென்றோம் என்று குறித்து வைத்து, ஒவ்வொரு பகுதியின் இடப்பெயர்ச்சியையும் முன்னதனோடு கூட்டிக்கொண்டே செல்வர். அக்கூட்டலில் சிறுபிழை நேர்ந்தாலும் அது நாள்தோறும் பெருகும். 1707-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நாடு திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலக் கடற்படை, தன் இருப்பிடத்தைப் பிழையாகக் கணித்து, இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதிற்று. நான்கு கப்பல்கள் மூழ்கின; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எங்கே இருக்கின்றோம் என்னும் வினாவுக்குச் சரியான விடை இன்மையால் விளைந்த கேடு அது.

இக்கூட்டல் முறை ஒரே நாளில் ஒருவரால் ஆக்கப்பட்டதன்று. 1687-இல் வெளிவந்த தம் பெருநூலில் நியூட்டன், இரண்டு விசைகள் ஒருங்கே தாக்கும் பொருள் இணைகரத்தின் மூலைவிட்டத்தின் வழியே செல்லும் என்று காட்டினார். அயர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் ஹாமில்டன் 1840-களில் வெக்டர் என்னும் சொல்லை இப்பொருளில் வழங்கினார். சுமந்து செல்வது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். ஒரு புள்ளியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்வதால் அப்பெயர் மிகவும் பொருந்தும். பின்னர் அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்கரான கிப்ஸும் ஆங்கிலேயரான ஹெவிசைடும் இக்கலையை இன்று நாம் பயிலும் வடிவில் அமைத்தனர்.

நம் தமிழ்க் கலைச்சொற்களும் இவ்வகையில் மாணவனுக்குத் துணை செய்வன. வேகம், திசைவேகம் என்னும் இரண்டையும் ஒப்பிடுங்கள். பின்னதற்குத் திசை வேண்டும் என்பதனை அச்சொல்லே வாய்விட்டுக் கூறுகின்றது. இடப்பெயர்ச்சி என்னும் சொல் தன் இலக்கணத்தைத் தானே சுமந்து நிற்கின்றது. இத்தகைய சொற்களைப் பிரித்துப் பொருள் காணாமல் வெறும் ஒலியாக மனப்பாடம் செய்வது, விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு இருளில் தடவுவதை ஒக்கும். அறிவியலாசிரியர் ஒரு சிறிது தமிழாசிரியராகவும், தமிழாசிரியர் ஒரு சிறிது அறிவியல் கேட்பவராகவும் ஆதல் நன்று.

ஆகவே இப்பாடத்தைக் கற்பிக்கும் முறைபற்றி யான் வேண்டுவது இதுவே. முதலில் சொல்லின் பொருள் விளங்கட்டும். அடுத்து மாணவர் திடலில் இறங்கி நடந்து, கயிறு பிடித்து அளக்கட்டும். பிறகு ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு கொண்டு, தாளில் அம்பு வரைந்து, அளவுகோலாலும் கோணமானியாலும் விடை காணட்டும். கூறுகளாகப் பகுத்தல் அதன்பின் வரட்டும். வாய்பாடு எல்லாவற்றுக்கும் இறுதியில் வரட்டும். இதற்கு ஒரு நாள் மிகுதியாகும் எனின் ஆகுக. அவ்வொரு நாள் பின்னர்ப் பல நாள்களை மிச்சப்படுத்தும்.

மாணவர்களே! நூலில் உள்ளது உங்கள் அறிவுக்கு ஒவ்வாததாகத் தோன்றினால் எழுந்து வினவுங்கள். பிறர் சிரிப்பாராயின் சிரிக்கட்டும். மீதி 2 மீட்டர் எங்கே என்று கேட்டவன் பேதையல்லன். அந்த வகுப்பில் அப்பாடத்தை உண்மையாகப் படித்தவன் அவன் ஒருவனே. ஆசிரியப் பெருமக்களே! அத்தகைய வினா எழும்பொழுது, அப்படித்தான் என்று கூறி அவனை உட்கார வைத்துவிடாதீர்கள். தெரியாதெனின் தெரியாது என்று சொல்லுங்கள். ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு அவனோடு திடலுக்குச் செல்லுங்கள். யான் செய்யத் தவறியது அதுவே.